ராணியாகப் போவதா, ஊரைக் காப்பதா? எங்கள் மொட்டை மாடி ஆட்டம் பாதியில் நிற்கிறது

மொட்டைமாடி_மாயாவி (பழைய வண்ணாரப்பேட்டை)

நீளமான கேள்வி. பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

சனிக்கிழமை ராத்திரி ஆனால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடி, பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவது வழக்கம். கதையை நடத்துவது நான், மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். நம் ஊர் மாதிரியே ஒரு கடலோர நாட்டை உருவாக்கி வைத்திருக்கிறேன். தெற்கே மதில் வைத்த தலைநகரம், வடக்கே ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் ஒரு மீனவ ஊர். பார்த்தால் எண்ணூர்தான், மந்திரவாதியும் கடல்பூதமும் மட்டும் கூடுதல்.

கதை இதுதான். ராஜா செத்துவிட்டார், சித்தப்பா அரியணையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உரிமை உள்ள இளவரசி முந்நூறு வீரர்களோடு தப்பி வந்து முகத்துவார ஊரில் ஒளிந்திருக்கிறாள். அவளுக்குச் சோறு போட்டதும், சித்தப்பாவின் ஒற்றர்கள் வந்து மிரட்டியபோது வாயைத் திறக்காமல் காப்பாற்றியதும் அந்த ஊர்தான். இப்போது ஒரே நாளில் இரண்டு செய்தி வருகிறது. அமாவாசை ராத்திரி தலைநகரத்தின் வடக்கு வாசலைத் திறந்துவிடுகிறேன் என்று காவல்காரன் ஒருவன் சொல்லி அனுப்புகிறான். மறுநாள் அவனை வேறு காவலுக்கு மாற்றிவிடுவார்கள், அதனால் இன்னொரு சந்தர்ப்பம் கிடையாது. அதே அமாவாசைக்குக் கடற்கொள்ளையர் கப்பல்கள் முகத்துவாரத்தைக் குறிவைத்து வருவதாகக் கட்டுமரத்தில் போனவர் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். படையை இரண்டாகப் பிரித்தால் இரண்டு இடத்திலும் தோல்வி, அதை நான் கணக்குப் போட்டேதான் வைத்தேன்.

இளவரசியாக ஆடும் தோழி யோசிக்கவே இல்லை. “நான் கிளம்பறேன், ராணியாயிட்டா இந்த மாதிரி ஆயிரம் ஊரைக் காப்பாத்தலாம்” என்று சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் படையைக் கிளப்பிவிட்டாள். படகோட்டியாக ஆடுகிறவன் நிஜத்திலும் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரன். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து கழிக்குள் வந்ததே, அப்போது அவன் வீட்டு வலையும் படகும் கறுப்பாகிப் பிசுபிசுத்துப் போய்விட்டன. அவன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, “எப்பவும் எங்கள வுட்டுட்டுத்தான போவீங்க, அதுக்கு இன்னாத்துக்கு ராணி வேஷம்?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அதற்கப்புறம் ஆட்டம் இல்லை, வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை மட்டும் நடக்கிறது.

இளவரசி செய்தது சரியா? இனி நான் என்ன நடத்துவது? ஊரை எரித்தால் அவளுக்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும். எரிக்காமல் விட்டால் அவள் எடுத்த முடிவுக்கு விலையே இல்லை என்றாகிவிடும்.


புத்தகப்புழு_பெரம்பூர்

முதலில் ஒன்று, அந்தப் படகோட்டி நண்பருக்கு ஒரு போன் போடுங்கள் தலைவா. குரூப்பில் எழுதித் தீராது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி கதைகளில் எனக்குப் பிடித்த ராஜா அரகோர்ன்தான். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மோதிரக் கதையைப் படமாக மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு முக்கியமான கட்டம் தெரியாது, அது நாவலில் இருக்கிறது. நகரத்துக்கு வெளியே பெரிய போரில் ஜெயித்தாகிவிட்டது. அரியணைக்கு உரிமை அவனுக்கு, கூட நிற்கிற பிரபுக்களும் அவன் பக்கம், நகரத்தில் எதிர்த்து நிற்க ஆளில்லை. அப்படியே கொடியோடு உள்ளே நுழைந்திருக்கலாம். அவன் கொடியைச் சுருட்டச் சொல்லிவிட்டு, வெளியே வெட்டவெளியில் கூடாரம் போடச் சொல்கிறான். பகைவன் இன்னும் அழியவில்லை, இந்த நேரத்தில் உரிமை பேசினால் நம் ஆட்களுக்குள்ளேயே சண்டை வரும் என்பது அவன் கணக்கு. அன்று ராத்திரி ஊருக்குள் போகிறான், ஆனால் ராஜாவாக அல்ல, அடையாளம் தெரியாமல் போர்வை போர்த்திக்கொண்டு வைத்தியம் பார்க்கப் போகிறான். ஒரு இலையைக் கசக்கிக் கொதிநீரில் போட்டு, சாகக் கிடந்தவர்களை எழுப்புகிறான். சேதி பரவி, தெருவில் ஆட்கள் பின்னாலேயே வருகிறார்கள், ராத்திரி முழுக்க அவனுக்கு வேலை சரியாக இருக்கிறது.

பகைவன் ஒழிந்த பிறகும் நேரே போய் உட்காரவில்லை. நகர வாசலில் நிற்கிறான், அதுவரை நாட்டைப் பார்த்துக்கொண்ட குடும்பத்துப் பிள்ளை மக்களைப் பார்த்து இவர் ராஜாவாக உள்ளே வரலாமா என்று கேட்கிறான். வரட்டும் என்று சத்தம் வந்த பிறகுதான் மகுடம். இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிடலாம், ஆனால் ஆட்சிக்கு வருகிறவன் தன்னைக் கேள்விக்கு உட்படுத்திக்கொண்டு நின்ற இடம் அது.

உங்கள் இளவரசி கிளம்பியதைக்கூட நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினாள் என்று எழுதியிருக்கிறீர்களே, ஊரிடம் சொன்னாளா?


மொட்டைமாடி_மாயாவி

இல்லை. சொல்லவில்லை. சொன்னால் அழுவார்கள், காலைப் பிடிப்பார்கள், படை கிளம்பாது என்று சொன்னாள். ஆட்டத்தில் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.


சுண்ணாம்புக்கட்டி (ராயபுரம், தமிழாசிரியர்)

புத்தகப்புழு சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் நம் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், வகுப்பெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

புறநானூற்றில் 44ஆம் பாட்டு. கோவூர் கிழார் பாடியது. சோழர் குடும்பத்துக்குள் சண்டை, நலங்கிள்ளி படையோடு வந்து ஆவூரை முற்றுகை போட்டிருக்கிறான். உள்ளே நெடுங்கிள்ளி கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெளியே வந்து சண்டையும் போடவில்லை, கதவைத் திறந்து ஊரைக் கொடுக்கவும் இல்லை. புலவர் அவனிடமே போய் உள்ளே நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். யானைகளைக் குளத்தில் இறக்கி எத்தனையோ நாளாயிற்று, நெய் சேர்த்த சோற்றுக் கவளமும் இல்லை, கட்டிய தூணை முட்டிக்கொண்டு தும்பிக்கை தரையில் புரள இடி மாதிரி பிளிறுகின்றன. பால் இல்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிறார்கள். தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறது. இத்தனைக்கும் நடுவில் நீ இங்கே சுகமாக இருப்பது ரொம்பக் கொடுமை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இரண்டு வழி காட்டுகிறார். அறம் உடையவன் என்றால் இந்தா, உன்னுடையது என்று கதவைத் திற. வீரம் உடையவன் என்றால் போருக்குத் திற. இரண்டும் இல்லாமல் நீண்ட மதிலின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது நினைத்துப் பார்த்தால் வெட்கக்கேடு.

கவனியுங்கள், பதவியை விட்டுவிடு என்று அவர் சொல்லவே இல்லை. பதவி வேண்டுமா, சண்டை போடு. வேண்டாமா, கொடுத்துவிடு. நீ முடிவெடுக்காமல் இழுப்பதற்குப் பால் இல்லாத குழந்தை ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. உங்கள் இளவரசி நெடுங்கிள்ளியைவிட மேல், ஒரு முடிவையாவது எடுத்தாள். ஆனால் பால் இல்லாத குழந்தையைப் பார்க்காமல் எடுத்தாள்.

என் யோசனை, கதையில் ஒரு புலவரை வையுங்கள். படை போகிற வழியில் அவளை மறித்து நின்று ஊரில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும், அறிவுரை ஒரு வார்த்தை கூடாது. ஊரை எரிப்பதா வேண்டாமா என்பது அப்புறம்.


டிராகன்_கட்சி (கொருக்குப்பேட்டை)

வாத்தியார் சொன்னது நல்லாருக்கு, ஆனா எல்லாரும் சேர்ந்து அந்தப் பொண்ணைக் கூண்டில் ஏத்தறீங்க. நான் அவ பக்கம்.

நாற்காலி ஆசை என்றாலே கெட்டது, ஊரோடு நின்று சாகிறவன்தான் நல்ல ராஜா என்று நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். டிராகன் வருகிற ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சீரியல் உலகத்தின் பழைய வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏகான் மூன்று டிராகனோடு வந்து ஏழு நாட்டில் ஆறைப் பிடிக்கிறான். ஹாரன் என்ற ராஜா, என் கோட்டை கல்லால் கட்டியது, இது எரியாது என்று உள்ளே உட்கார்ந்துகொண்டான். டிராகன் மதிலைத் தாண்டிப் பறந்து வந்து கோட்டையோடு அவனையும் பிள்ளைகளையும் எரித்தது. வடக்கே டோரென் ஸ்டார்க் முப்பதாயிரம் பேரோடு ஆற்றங்கரை வரை வந்தான். அதற்கு முன்னால் இரண்டு ராஜாக்கள் சேர்ந்து நின்ற படையில் நாலாயிரம் பேர் வெந்து செத்த கதை அவனுக்குத் தெரியும். எதிர்க்கரையைப் பார்த்தான், கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மண்டி போட்டான். முப்பதாயிரம் பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவனுக்குக் கிடைத்த பெயர் மண்டியிட்ட ராஜா. கேலிதான். ஆனாலும் அவன் வம்சம்தான் வடக்கைத் தொடர்ந்து ஆண்டது, கோட்டையில் எரிந்தவன் வம்சம் அன்றோடு காலி.

இது விட்டுக்கொடுத்த கதைதானே, உன் கட்சிக்கு எதிராகவே பேசுகிறாயே என்று கேட்பீர்கள். இருங்க. அதே உலகத்தில் டெனேரிஸ் ஒரு ஊரில் அடிமைகளை விடுதலை செய்கிறாள், ஒரு சபையை உட்கார வைத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறாள். அவள் முதுகு மறைந்ததும் ஒரு கசாப்புக்காரன் சபையைக் கவிழ்த்துவிட்டுத் தானே ராஜா என்கிறான், ஊர் நாசமாகிறது. நல்லது செய்தாள், ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க அதிகாரம் அங்கே இல்லை. அதனால்தான் அடுத்த பெரிய ஊரைப் பிடித்தவுடன், கடல் தாண்டிப் போய் அரியணையை வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஆள்கிறாள். அதிகாரம் இல்லாத பாதுகாப்பு எத்தனை நாளைக்கு? இந்தக் கொள்ளையரை அடித்து விரட்டினால் அடுத்த அமாவாசைக்கு வேறு கொள்ளையர் வருவார்கள், சித்தப்பா தலைநகரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். இளவரசி சொன்ன ஆயிரம் ஊர்க் கணக்கு பொய் இல்லை.


கோட்டைக்கு_வெளியே (மண்ணடி)

டிராகன் அண்ணே, அந்த ஆயிரம் ஊர்க் கணக்கை எப்போதும் மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள்தான் போடுகிறார்கள். நம் பேட்டையில் இது நிஜமாகவே நடந்தது.

1758 டிசம்பரில் பிரெஞ்சு தளபதி லாலி மெட்ராஸை முற்றுகையிட்டார். வெள்ளைக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குள். நம் ஆட்களில் பெரும்பாலோர் கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரத்தில், கோட்டை மதிலுக்கு வெளியே. கோட்டைக்காரர்கள் எல்லாத் தெருவையும் காக்கப் படை இல்லை என்று கோட்டையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்து கொள்ளையடித்தது, சிப்பாய்கள் கிடைத்த சாராயத்தைக் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள். இரண்டு மாதம் கோட்டை தாங்கியது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர, லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போனார். வரலாற்றில் இது கோட்டையைக் காப்பாற்றிய வெற்றி. தெருவில் இருந்தவனைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பான்.

அதற்கப்புறம்தான் எனக்குக் கோபம். கோட்டைப் பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாது என்று பக்கத்து வீடுகளைக் காலி செய்து வெட்டவெளி ஆக்கினார்கள். அந்த இடத்தின் ஒரு பகுதியில்தான் இன்று ஹைகோர்ட் இருக்கிறது. இதைத் தாண்டி வீடு கட்டாதே என்று 1773ல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது, பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஹைதர் அலியின் படை 1769ல் மெட்ராஸ் வாசல் வரை வந்து கிழக்கிந்தியக் கம்பெனியைச் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட வைத்த அந்தக் கலவரக் காலத்தில்தான் புதிய கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி மதில் எழுந்தது. காசு யார் கொடுப்பது? உள்ளே குடியிருக்கிறவர்களிடம் வரி வாங்கலாம் என்று யோசித்தார்கள். அதன் மிச்சப் பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரி ரோடு. பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக நிற்கிறதே, அது அந்த மதிலின் மிச்சம். மேலே ஏறிப் பார்த்தால் சுவரின் அகலம் தெரியும், ஆள் நடக்கிற அகலத்துக்கு மேல் இருக்கும்.

ஆக, முதலில் வெளியே விட்டவர்கள், அப்புறம் இடித்தார்கள், அப்புறம் காப்பாற்றுகிறோம் காசு கொடு என்றார்கள். இளவரசி ராணியாகித் திரும்பி வந்து முகத்துவாரத்துக்கு மதில் கட்டித் தருகிறேன் என்று சொன்னால், படகோட்டி முதலில் பில்லைத்தான் கேட்பான். மாயாவி, அவள் ராணியாகட்டும். ஆனால் அவள் ஆட்சியில் முதல் நாள் அரசவைக்கு முகத்துவாரத்துக்காரர்கள் வரட்டும், பிழைத்தவர்கள்.


வடக்குவாசல்_இளவரசி

நான்தான் அந்த இளவரசி. குரூப்பில் லிங்க் போட்டார்கள், வந்து பார்த்தால் ஊரே கூடி என்னை விசாரித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் ஊர், ஊர் என்கிறீர்களே, அந்தக் காவல்காரன் யார்? அவன் எனக்காக ராத்திரி தனியாக நின்று தாழ்ப்பாளைத் தூக்கப் போகிறான். நான் வராவிட்டால் விடியும்போது அவனைத் தொங்கவிடுவார்கள், அவன் பெண்டாட்டி பிள்ளைகளையும் விட மாட்டார்கள். அவனும் என் குடிதானே? அவனுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஊருக்குப் போனால் அவனைக் கைவிடுகிறேன், அவனிடம் போனால் ஊரைக் கைவிடுகிறேன். இதில் ஆசை எங்கே வந்தது? முகத்துவாரத்தில் நின்று சண்டை போட்டால் எல்லாரும் கை தட்டியிருப்பீர்கள், காவல்காரன் பெயரை ஒருத்தரும் எடுத்திருக்க மாட்டீர்கள்.

சொல்லாமல் போனதைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

புலவர் வந்தால் வரட்டும். நிற்கிறேன்.


கழிமுகம் (எண்ணூர்)

இவ்வளவு நேரம் படித்தேன். எல்லாரும் ராணி காப்பாற்றுவாளா மாட்டாளா என்றே பேசுகிறீர்கள். அந்த ஊர் என்ன, கரையில் கிடக்கிற கருவாடா? அதற்குக் கை கால் கிடையாதா?

எங்கள் பக்கத்து ஊர்களில் பெரிய விஷயம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும், ராஜா வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது, யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமாகச் சொந்தம் இல்லை. அப்படிப் பழகிய ஜனங்களிடம் போய், அம்மா தாயே, கப்பல் வருகிறது, நான் இருக்க முடியாது என்று சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டார்கள், உடனே வேலையைப் பிரித்திருப்பார்கள். நீங்கள் சொல்லாமல் போனதால் அவர்களுக்குப் போன அந்த அரை நாள்தான் உண்மையான நஷ்டம்.

இன்னொன்று. மாயாவி தம்பி, முகத்துவாரம் என்று எழுதிவிட்டு மணலை மறந்துவிட்டீர்கள். கடலும் ஆறும் சேர்கிற இடத்தில் மணல் மேடு போட்டுக்கொண்டே இருக்கும். கனமான கப்பல் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்துவிட முடியாது, கடல் தண்ணீர் உயர்கிற ஏற்றத்தில்தான் வர முடியும். அமாவாசை அன்று ஏற்றம் மற்ற நாளைவிட அதிகம், கொள்ளைக்காரன் அந்த நாளை எடுத்ததே அதற்காகத்தான் இருக்கும். ஆனால் அமாவாசையில் தண்ணீர் இறங்குகிற வற்றமும் அதே அளவு கீழே போகும். ஏற்றம் முடிந்து ஆறு மணி நேரத்துக்குள் வெளியே போகாவிட்டால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். ஊர்க்காரன் சண்டை போடவே வேண்டாம். குழந்தை குட்டிகளைச் சின்னப் படகில் ஏற்றி, கழிக்குள்ளே ஆழம் குறைந்த இடம் பார்த்து, அலையாத்திச் செடிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுவிட்டு, கொள்ளைக்காரனைக் கொஞ்ச நேரம் ஊருக்குள் இழுத்து வைத்தால் போதும். வீடு எரியலாம், வலை போகலாம், அது பெரிய நஷ்டம்தான், வலை என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும். உயிர் நிற்கும். கொள்ளையர் கப்பல் மறுநாள் நம் கையில்.

இதைச் சொல்ல அங்கே இருக்கும் ஒரே ஆள் உங்கள் படகோட்டி. அவனைத்தான் படியிறங்க விட்டுவிட்டீர்கள்.


மொட்டைமாடி_மாயாவி

கழிமுகம் அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன். போனும் போட்டேன். வத்தம் எத்தனை மணிக்கு என்று நான்தான் சொல்வேன், அதற்கெல்லாம் பகடை உருட்டக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே கண்டிஷன். ஒத்துக்கொண்டேன்.

ஆட்டத்தைப் பின்னால் திருப்ப மாட்டேன். படை கிளம்பியது கிளம்பியதுதான், சொல்லாமல் போனதும் நடந்ததுதான். சனிக்கிழமை இப்படி நடத்தலாம் என்றிருக்கிறேன். முகத்துவாரத்தில் விடிகாலையில் கூடாரங்கள் காலியாக இருப்பதை ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள். பஞ்சாயத்து கூடுகிறது, அங்கே படகோட்டி பேசுகிறான், என்ன செய்வது என்பதை அவன் முடிவு செய்கிறான், நான் கணக்குப் போட்டு வைத்த தோல்வியைத் தூக்கிக் கடாசிவிடுகிறேன். இன்னொரு பக்கம் இளவரசியைப் பாதி வழியில் புலவர் மறிக்கிறார். புலவராக ஆடச் சுண்ணாம்புக்கட்டி ஐயாவைக் கூப்பிடலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ராயபுரம்தானே, ஆட்டோவில் வந்துவிடலாம்.

கோட்டைக்கு_வெளியே சொன்ன முதல் நாள் அரசவையும் வைப்பேன், அவள் அரியணையில் ஏறினால். புத்தகப்புழு சொன்ன மாதிரி உள்ளே வரலாமா என்று கேட்பதை மட்டும் கட்டாயமாக்க மாட்டேன், கேட்கிறாளா என்று பார்க்கலாம்.


சுண்ணாம்புக்கட்டி

வருகிறேன். டீ உண்டா? பாட்டை மனப்பாடமாகச் சொல்லுவேன், யாரும் பாதியில் நிறுத்தக் கூடாது.


டிராகன்_கட்சி

எல்லாம் சரி. இளவரசி அந்தப் பாதி வழியில் மனசு மாறித் திரும்பிவிட்டால், காவல்காரனுக்குத் தகவல் சொல்ல யார் போவது? முந்நூறு பேரில் ஒருத்தன் குதிரையேற வேண்டும், தலைநகரத்துக்குள் நுழைய வேண்டும், அதுவும் அமாவாசைக்கு முன்னால். அதை இன்னும் யாரும் யோசிக்கவில்லை. மாயாவி, அந்த ஆளாக ஆட எனக்கு ஒரு இடம் கொடு.